மலைக்கும் மலைக்கும் நடுவே

1966 ஆகஸ்ட். ஆஸ்திரேலியாவில் அது குளிர்காலம். விக்டோரியா மாநிலத்தின் ஹோதம் மலையில், மெல்போர்ன் பல்கலைக்கழகப் பனிச்சறுக்குச் சங்கத்தின் விடுதிக்குள் ஒரு சின்னப் பிராணி புகுந்துவிட்டது. பார்க்க எலி மாதிரி. உடம்பு ஒரு சாண்கூட இல்லை, வால் மட்டும் உடம்பைவிட நீளம். எலிதானே என்று யாராவது அடித்துத் தூக்கி வெளியே போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அப்படி நடக்கவில்லை. பிடித்து மெல்போர்னுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதன் பல்லைப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பல் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கல்லில் இருந்த பல் அது.

எழுபது வருடங்களுக்கு முன்பு, 1895-இல், ராபர்ட் புரூம் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் நியூ சவுத் வேல்ஸின் வோம்பியன் குகைகளில் சில புதைபடிவ எலும்புகளைக் கண்டெடுத்திருந்தார். சின்னத் தாடை. அதில் ரம்பம்போல் வரியோடிய ஒரு பெரிய பல். கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் இனம்தான், ஆனால் சுண்டெலி அளவு. புரூம் அதற்கு ‘புர்ராமிஸ் பார்வஸ்’ என்று பெயர் வைத்தார். ‘புர்ரா’ என்பது கற்கள் நிறைந்த இடத்தைக் குறிக்கும் பூர்வகுடிச் சொல். ‘மிஸ்’ என்றால் கிரேக்கத்தில் எலி. கல்லுக்குள் கிடைத்ததால் கல்லெலி. உயிரோடு யாரும் பார்த்ததில்லை, அழிந்துபோன இனம் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். (புரூம் பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ஆதிமனித மண்டையோடுகளைத் தோண்டிப் பெரும்புகழ் பெற்றார். 1951-இல் இறந்தும் போனார். தன் கல்லெலி உயிரோடு இருக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.)

மவுண்டன் பிக்மி போசம் என்பது இதன் ஆங்கிலப் பெயர். நான் சுருக்கமாகப் போசம் என்றே சொல்கிறேன். எடை சுமார் 45 கிராம், ஒரு முட்டையைவிடக் குறைவு. குளிர்காலத்தில் ஏழு மாதம்வரை பனிக்கு அடியில் பாறை இடுக்குகளில் தூங்கும். அப்போது அதன் உடல் வெப்பம் சுமார் 2 டிகிரிவரை இறங்கும். வருடத்துக்கு ஒரே ஈற்று, அதிகபட்சம் நான்கு குட்டிகள். இந்த விவரங்கள் எல்லாம் அழகுதான். ஆனால் நான் இந்தப் பிராணிக்குள் விழுந்தது வேறு காரணத்துக்காக. மரபணு வேறுபாடு என்ற கண்ணுக்குத் தெரியாத சொத்து எப்படித் தொலைகிறது, எப்படித் திரும்ப வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது, அந்தக் கணக்கு முழுவதையும் தன் நூறாண்டு வரலாற்றிலேயே நடத்திக்காட்டிய ஒரு ஜீவன் இதுதான் என்று புரிந்தது.

*

முதலில் ஒரு நிலப்படத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். புரூம் எலும்பைக் கண்ட வோம்பியன் குகைகள், போசம் இன்றைக்கு வாழும் இடங்களில் இருந்து வெகு தூரம், உயரமும் மிகக் குறைவு. ஒரு காலத்தில் அது அங்கேயும் இருந்திருக்கிறது. பனியுகத்தின் குளிரில் அதற்கேற்ற நிலம் தாழ்வான பகுதிகள்வரை விரிந்திருந்தது. பூமி சூடாக ஆரம்பித்ததும் போசம் மலையேறத் தொடங்கியது. ஏறி ஏறி உச்சிகளில் ஒதுங்கிவிட்டது. இன்று சுமார் 1200 மீட்டருக்குக் கீழே அதைப் பார்க்க முடியாது. மிஞ்சியிருப்பவை மூன்று இடங்கள். வடக்கே கோஸியஸ்கோ மலைப்பகுதி, நடுவே ஹோதம், ஹிக்கின்பாதம், போகாங் சிகரங்கள், தெற்கே தனியாக புல்லர் மலை. மொத்தமாக எண்ணினாலும் சில ஆயிரங்களைத் தாண்டாது.

தீவு என்றால் கடல் சூழ்ந்ததுதான் என்றில்லை. உச்சியில் வாழும் ஒரு பிராணிக்குச் சூடான பள்ளத்தாக்கும் கடல்தான். 1967-இல் ராபர்ட் மெக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் தீவுகளின் உயிரியல் பற்றி எழுதிய புத்தகம் வந்த பிறகு, காட்டுத் துண்டுகளையும் மலை உச்சிகளையும் தீவுகளாகவே பார்க்கும் பழக்கம் சூழலியலில் நிலைத்துவிட்டது. சின்னத் தீவில் இனங்கள் சீக்கிரம் அழியும். பக்கத்தில் இன்னொரு நிலம் இருந்தால் வரத்து இருக்கும். எனவே துண்டுகளை இணையுங்கள் என்றார்கள். 1970-களின் நடுவில் ஜாரெட் டைமண்டும், வில்சனும் எட்வின் வில்லிஸும் வரைந்து காட்டிய படங்களில் வட்டங்களுக்கு நடுவே ஒரு கோடு இழுத்திருக்கும். அந்தக் கோட்டுக்குத்தான் ‘காரிடார்’ என்று பெயர், வழித்தடம்.

எல்லோரும் தலையாட்டவில்லை. 1987-இல் டேனியல் சிம்பர்லாஃபும் ஜேம்ஸ் காக்ஸும் ஒரு கட்டுரையில் கேட்ட கேள்விகள் நியாயமானவை. அந்த வழியில் நோயும் வரும், தீயும் வரும், வேட்டை மிருகமும் வரும். அதோடு வழித்தடத்துக்குச் செலவழிக்கும் காசில் இன்னொரு காட்டை வாங்கியிருக்கலாமே? விலங்குகள் உண்மையிலேயே அதைப் பயன்படுத்துகின்றன என்பதற்கு ஆதாரம் எங்கே?

ஆதாரம் அப்போது ஹிக்கின்பாதம் மலையில், ரோட்டுக்கு அடியில், உருவாகிக்கொண்டிருந்தது.

*

இந்தப் போசத்தின் குடும்ப ஏற்பாடு கொஞ்சம் விசேஷமானது. மலை உச்சியை ஒட்டிய பாறைக் குவியல்கள்தான் நல்ல வீடு. பாறைகளின் இடுக்கு வழியாக ஆழமாக இறங்கிவிடலாம். மேலே பனி மூடினாலும் உள்ளே வெப்பநிலை பெரிதாக மாறாது. இதைவிட முக்கியம் சாப்பாடு. வசந்தத்தில் போகாங் அந்துப்பூச்சிகள் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் உள்ள சமவெளிகளில் இருந்து, 1000 கிலோமீட்டர்வரை பறந்து, கோடையைக் குளிர்ச்சியாகக் கழிக்க இந்த உச்சிகளுக்கு வந்து சேரும். உடம்பெல்லாம் கொழுப்பு. ஏழு மாதப் பட்டினியில் இருந்து எழும் போசத்துக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது.

இந்த நல்ல இடங்களைப் பெண்கள் பிடித்துவைத்திருக்கின்றன. ஆண்கள் கீழே, சுமாரான இடங்களில். வசந்தத்தில் ஆண்கள் மேலே ஏறி வரும். ஜோடி சேர்ந்து முடிந்ததும் இறங்கிப் போய்விடும். கோடைக் கடைசியில் இளம் ஆண்களும் அதே வழியில் இறங்கும். சீசனுக்கு வந்துபோகும் மாப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள்தான் என்று நம் ஊரில் சொல்வது இங்கே கறாரான உயிரியல் விதி. மாப்பிள்ளை போகாமல் மாமியார் வீட்டிலேயே உட்கார்ந்தால் குளிர்காலத்துக்குச் சேர்க்க வேண்டிய கொழுப்பைப் பெண்களோடும் குட்டிகளோடும் பங்குபோடுவார். பங்கு குறைந்த பெண் பனிக்காலத்தைத் தாண்டாது.

ஹிக்கின்பாதமில் நடந்தது அதுதான். பனிச்சறுக்கு வளர்ந்தபோது பாறைக் குவியலுக்கு நடுவே ரோடு வந்தது, கட்டடங்கள் வந்தன. நமக்கு ரோடு என்பது பத்து எட்டு. பாறை இடுக்கிலேயே வாழ்ந்து பழகிய 45 கிராம் உடம்புக்கு அது மறைவே இல்லாத வெட்டவெளி. ஆண்கள் கீழே இறங்க முடியாமல் மேலேயே தங்கின. அங்கே ஆராய்ச்சி செய்த இயன் மான்செர்க்கும் டேவிட் ஸ்காட்ஸும் ரோடு குறுக்கிடாத பகுதியையும் குறுக்கிட்ட பகுதியையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, குறுக்கிட்ட இடத்தில் பனிக்காலத்தைத் தாண்டிய பெண்களின் விகிதம் குறைவாக இருந்தது.

1980-களின் நடுவில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். சுமார் 60 மீட்டர் நீளத்துக்குப் பாறைகளைக் கொட்டி ஒரு தடம். அது ரோட்டை அடையும் இடத்தில் ரோட்டுக்கு அடியில் இரண்டு சுரங்கங்கள், அவற்றுக்குள்ளும் பாறை. போசத்தின் கண்ணில் பார்த்தால் அது சுரங்கமே அல்ல, தன் வீட்டின் இன்னொரு அறை. ஆண்கள் அதன் வழியே இறங்கிப்போனதைக் கேமராவே படம் பிடித்தது. ஆண் பெண் விகிதமும் பெண்களின் பிழைப்பும் ரோடு இல்லாத பகுதியைப்போல மாறின. 1989-இல் இருவரும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பத்திரிகைகள் அதற்குக் ‘காதல் சுரங்கம்’ என்று பெயர் வைத்தன. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. காதல் முடிந்து கிளம்புவதற்கான சுரங்கம் அது. ஆனால் அப்படிப் பெயர் வைத்தால் யார் படிப்பார்கள்?

சுரங்கத்தில் எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். ஒரு பிராணிக்கு வழி விடுவது என்றால் அந்தப் பிராணி வழி என்று எதை நினைக்கிறதோ அதைக் கொடுப்பது. புல்வெளியைக் காட்டி இது பசுமை வழித்தடம் என்று பலகை நட்டிருந்தால் ஒரு போசமும் வந்திருக்காது.

*

இதுவரை சொன்னது சாப்பாடு, இடம், பிழைப்பு. மரபணு எங்கே வந்தது?

இறங்கிப்போகும் ஒவ்வொரு ஆணும் ஒரு பொதியைச் சுமந்துகொண்டுதான் போகிறது. அடுத்த வருடம் அது வேறொரு குவியலில் ஏறலாம். அங்கே பிறக்கும் குட்டியில் இரண்டு குவியல்களின் மரபணுக்கள் கலக்கும். அந்தப் போக்குவரத்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது.

ஒரு பையில் பல நிறச் சோழிகள். ஒவ்வொரு நிறமும் ஒரு மரபணுவின் ஒரு வடிவம். அடுத்த தலைமுறையை உண்டாக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்துவிட்டு, திரும்பப் போட வேண்டும். ஆயிரம் தடவை எடுத்தால் எல்லா நிறமும் ஏறக்குறைய பழைய அளவிலேயே வரும். நாற்பது தடவை மட்டும் எடுத்தால்? அபூர்வமான ஒன்றிரண்டு நிறம் வராமலே போகும். அடுத்த சுற்றில் இன்னும் ஒன்று போகும். தொலைந்த நிறம் தானாகத் திரும்பாது. இதில் யாருடைய தகுதியும் இல்லை, வெறும் அதிர்ஷ்டம். நல்ல மரபணுவும் இப்படித் தொலையலாம், கெட்ட மரபணு ஊர் முழுக்கப் பரவலாம்.

இனப்பெருக்கம் செய்யும் விலங்குகள் N என்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறுபாட்டில் 1/2N பங்கு கரைகிறது. இருபது விலங்குகள் என்றால் தலைமுறைக்கு 2.5 சதவீதம். சின்ன வட்டி மாதிரிதான் தெரியும். ஆனால் இது கூட்டு வட்டி. நான் ஒரு சனிக்கிழமை பைத்தானில் நாற்பது வரி எழுதி ஓட்டிப் பார்த்தேன். இருபத்தேழு தலைமுறையில் பாதி போய்விடுகிறது. கணக்குப்படியும் அவ்வளவுதான். நிஜ வாழ்க்கையில் எண்ணிக்கை சட்டென்று சரியும்போதும், சில ஆண்களே எல்லாக் குட்டிகளுக்கும் அப்பாவாக இருக்கும்போதும் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இந்தக் கணிதத்தின் பெரும்பகுதி ஒரு சின்னப் பாலூட்டியிடம் இருந்து வந்தது என்பது வரலாற்றின் குறும்பு. 1906-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை கினிப் பன்றிகளை அண்ணன் தங்கையாகவே தலைமுறை தலைமுறையாக இணைசேர்க்கும் ஒரு சோதனையை ஆரம்பித்தது. 1915-இல் அங்கே வேலைக்கு வந்த சூவால் ரைட் கையில் அந்தக் குடும்பங்களின் பதிவேடுகள் வந்து சேர்ந்தன. ஈற்றுகள் சிறுத்தன, குட்டிகள் எடை குறைந்தன, பிழைப்பது குறைந்தது. அதிலும் எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரி சரியவில்லை. ஒன்றில் கருவளம் போனது, இன்னொன்றில் எடை போனது. சோழிப் பையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறு வேறு நிறம் மாட்டியிருந்தது. இரண்டு நலிந்த குடும்பங்களைக் கலந்தபோது குட்டிகள் மறுபடி தேறின. 1922-இல் ரைட் இதை வெளியிட்டார். (வகுப்பில் பாடம் நடத்தும்போது கையில் இருந்த கினிப் பன்றியை டஸ்டர் என்று நினைத்துக் கரும்பலகையை அழித்தார் என்று ஒரு கதை உண்டு. அநேகமாகக் கட்டுக்கதை. மாணவர்கள் ஒருவரைப் பற்றி இப்படி ஒரு கதை கட்டினால் அவர் நல்ல வாத்தியாராகத்தான் இருந்திருப்பார்.)

நம் ஊரில் கர்ப்பிணிப் பெண்ணிடம் டாக்டர் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, “சொந்தத்துல கல்யாணமா?” அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பதும் இதே கணக்குதான். ஒளிந்திருக்கும் ஒரே பழுது அம்மா வழியிலும் அப்பா வழியிலும் வந்து ஒன்றாகச் சேரும் வாய்ப்பு. அத்தை மகனையோ மாமன் மகளையோ வேண்டாம் என்று சொல்ல நமக்கு ஒரு ஊரே இருக்கிறது. முப்பது போசங்கள் இருக்கும் மலையில் எல்லோரும் அத்தை மகன்தான்.

1931-இல் ரைட் எழுதிய நீண்ட கட்டுரையில் இருந்து கிளைத்த ஒரு முடிவு எனக்கு இன்னும் ஆச்சரியம். பிரிந்து கிடக்கும் கூட்டங்கள் ஒன்றை விட்டு ஒன்று ரொம்ப விலகாமல் இருக்கத் தலைமுறைக்கு ஒரே ஒரு விருந்தாளி போதும், வந்து இணைசேர்ந்தால். கூட்டத்தில் ஐம்பது பேர் இருந்தாலும் ஐயாயிரம் பேர் இருந்தாலும் அதே ஒன்று. எப்படி? பெரிய கூட்டம் மெதுவாகத்தான் மாறும், அதனால் ஒருவர் வந்தாலே போதும். சின்னக் கூட்டம் வேகமாக மாறும், ஆனால் அங்கே ஒருவர் என்பதே பெரிய பங்கு. இரண்டும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுகின்றன. காட்டில் வந்தவரெல்லாம் இணைசேர்வதில்லை, கணக்கு வேண்டுவதுபோல விலங்குகள் நடந்துகொள்வதுமில்லை. எனவே 1996-இல் ஸ்காட் மில்ஸும் ஃப்ரெட் அல்லண்டார்ஃபும் ஒன்றில் இருந்து பத்துவரை என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பத்து என்றாலும் எவ்வளவு சின்ன எண்!

அந்தச் சின்ன எண்ணும் பூஜ்யமாகும்போது என்ன நடக்கும்? தாய்லாந்தில் 1986-87-இல் சியூ லான் அணை நிரம்பியபோது மலைக்காடுகள் மூழ்கி, குன்றுகள் நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளாயின. அங்கே மாட்டிக்கொண்ட மர மூஞ்சூறு, காட்டெலி வகைகளிடம் சில வருடங்களிலேயே மரபணு வேறுபாடு கரையத் தொடங்கியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். கரைவதைத் தொடர்ந்து கவனிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. 2013-இல் வந்த ஆய்வின்படி 10 ஹெக்டேருக்குக் குறைவான தீவுகளில் ஐந்தே வருடத்திலும், அதைவிடப் பெரிய, 56 ஹெக்டேர்வரையிலான தீவுகளில் இருபத்தைந்து வருடத்திலும் உள்ளூர்ச் சிறு பாலூட்டிகள் ஏறக்குறைய முழுக்க அழிந்துவிட்டன. வெளியில் இருந்து வந்த ஒரு வகை எலி இடத்தைப் பிடித்துக்கொண்டது.

*

இனி புல்லர் மலை. மெல்போர்னில் இருந்து காரில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். அதனால் பனிச்சறுக்குக் கூட்டம் அங்கே அதிகம். அங்கும் போசம் இருக்கிறது என்று 1996-இல்தான் தெரிந்தது. முதல் சர்ப்ரைஸ் நடந்து முப்பது வருடம் கழித்து இரண்டாவது. அப்போது அங்கே சுமார் 300 இருக்கும் என்று கணக்கிட்டார்கள். பாறைக் குவியல்களின் ஊடே சறுக்குப் பாதைகள், குழாய்கள், ரோடுகள். கூடவே நரியும் காட்டுப் பூனையும். பத்து வருடத்தில் எண்ணிக்கை 50-க்கும் கீழே வந்துவிட்டது.

ஒவ்வொரு வருடமும் அலுமினியப் பெட்டிப் பொறிகளில் வால்நட் வைத்துப் போசங்களைப் பிடிப்பார்கள். எடை போட்டு, காதில் இருந்து ஒரு துளி திசு எடுத்து, விட்டுவிடுவார்கள். அந்தத் திசுக்களை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஆரி ஹாஃப்மன், ஆண்ட்ரூ வீக்ஸ் ஆகியோரின் குழு படித்தது. முதலில் தெரிந்தது, மூன்று மலைப்பகுதிகளும் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தொடர்பின்றிப் பிரிந்தவை. நடுப்பகுதிக்குள்ளேயே பக்கத்துப் பக்கத்து மலைகளுக்கு நடுவிலும் வேறுபாடு தெரிந்தது, அவ்வளவு நுணுக்கமாகப் பிரிந்து கிடந்தன. அடுத்துத் தெரிந்ததுதான் பயம். 2008-இல் வெளியான கட்டுரையின்படி புல்லர் கூட்டம் பத்தே வருடத்தில் தன் மரபணு வேறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கைத் தொலைத்திருந்தது. பனியுகத்தைத் தாண்டி வந்த சொத்தை பத்து வருடம் காலிசெய்துவிட்டது.

இங்கே காதல் சுரங்கம் உதவாது. ஹோதமுக்கும் புல்லருக்கும் நேர்கோட்டில் 60 கிலோமீட்டருக்கு மேல். நடுவே ஆழமான காட்டுப் பள்ளத்தாக்குகள். கையால் தூக்கிக்கொண்டு போய் விட்டால்தான் உண்டு.

செய்திருக்கலாமே, இதில் என்ன யோசனை? யோசித்தார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் தொழிலில் இதைச் சுலபமாகப் புரியவைக்கலாம். ஒரே கோடில் இருந்து இரண்டு பிராஞ்ச் பிரிந்து, மூன்று வருடம் யாரும் மெர்ஜ் செய்யாமல் தனித்தனியாக வளர்ந்தால், இணைக்கிற நாளில் என்ன நடக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தனித்தனியாக இரண்டும் நன்றாக ஓடும், சேர்த்தால் உடையும். உயிர்களிலும் இது நடக்கலாம். ஐரோப்பாவின் டாட்ரா மலைகளில் துருக்கியில் இருந்தும் சினாயில் இருந்தும் காட்டு ஆடுகளைக் கொண்டுவந்து கலந்தபோது, கலப்பினம் சீக்கிரமே சினைப்பட்டுக் கடும்குளிரில் குட்டி போட்டது, குட்டிகள் செத்தன என்று பாடநூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும். வெப்ப நாட்டு ஆட்டின் காலண்டரும் குளிர் நாட்டின் காலண்டரும் மெர்ஜ் ஆகவில்லை.

ஆனால் இந்தத் தொழில்நுட்பக் கவலையோடு வேறொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பது என் அபிப்ராயம். ‘இது புல்லரின் தனி வம்சம், கலந்தால் கெட்டுவிடும்’ என்ற உணர்வு. வம்சம், தூய்மை என்ற சொற்களை எங்கே கேட்டாலும் எனக்குக் காது கூசும். புல்லரின் தனித்தன்மை என்று அன்று எஞ்சியிருந்ததில் பெரும்பங்கு தற்செயலாகத் தொலையாமல் மிஞ்சிய நிறங்கள். பைக்குள் இரண்டே நிறம் மிஞ்சியதைப் பாரம்பரியம் என்று காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. அந்தக் கூட்டம் அப்படியே போனால் தூய்மையாகச் செத்திருக்கும்.

முன்னுதாரணம் ஒன்று இருந்தது. 1995-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நலிந்துபோன பூமாச் சிறுத்தைகளுக்கு டெக்சாஸில் இருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் கூட்டம் தேறியது. இதற்கு ‘மரபணு மீட்பு’ என்று பெயர். எதிர்ப்பாளர்கள் கேட்ட கேள்வியும் சரியானதுதான்: தேறியது மரபணுவால்தானா, அந்தக் காலத்தில் வேறு பாதுகாப்பும் கூடியிருந்ததே?

2010-களின் தொடக்கத்தில் ஹோதம் பகுதியில் இருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆண் போசங்களைப் புல்லருக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஏன் ஆண்கள்? ஊர் சுற்றுவது எப்படியும் அவர்கள் வேலைதான். ஓர் ஆண் ஒரே பருவத்தில் பல பெண்களோடு சேரலாம், எடுத்துவந்த ஊருக்கும் இழப்பு குறைவு.

2017-இல் வீக்ஸும் குழுவினரும் முடிவை வெளியிட்டார்கள். ஹோதம் அப்பாவுக்கும் புல்லர் அம்மாவுக்கும் பிறந்தவை உருவத்தில் பெரியவை. கலப்புப் பெண்கள் பையில் அதிகக் குட்டிகளைச் சுமந்தன, அதிக வருடம் வாழ்ந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆரம்பத் தலைமுறைக் கலப்பினத்தின் தகுதி மற்றவற்றைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். சில வருடங்களில் புல்லரில் எண்ணிக்கை அங்கே இதுவரை பதிவான எல்லா எண்ணிக்கைகளையும் தாண்டியது.

எதிர்ப்பாளர்களின் பழைய கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. அதே வருடங்களில் புல்லரில் நரிகளைக் கட்டுப்படுத்தினார்கள், பாறைக் குவியல்களையும் சீர்செய்தார்கள். எண்ணிக்கை கூடியதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரே மலையில், ஒரே வருடத்தில், ஒரே நரிகளுக்கு நடுவே கலப்பினமும் கலப்பில்லாததும் அருகருகே வாழ்ந்தன. நரி குறைந்தால் இருவருக்கும்தான் குறைந்தது. அப்படியும் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு நன்றாகப் பிழைத்தது என்றால், அந்த வித்தியாசத்தை நரியின் கணக்கில் எழுத முடியாது. இவ்வளவு சுத்தமான ஒப்பீடு இயற்கையில் அபூர்வம்.

*

மரபணு தேறியதும் கதை சுபம் என்றால் நன்றாக இருக்கும். 2017-இல் சமவெளிகள் வறண்டன. போகாங் அந்துப்பூச்சிகள் மலைகளுக்கு வருவது பாதாளத்துக்குப் போனது. ஒரு காலத்தில் பூர்வகுடிகள் அந்தப் பூச்சிக்காகவே இந்த மலைகளில் கூடி விருந்துண்டிருக்கிறார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் பாடிக்கொண்டிருந்த பாடகியின் உடையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அவ்வளவு சாதாரணப் பூச்சி. அது வராத வருடம் தாய்ப் போசங்களுக்குப் பால் சுரக்கக் கொழுப்பு இல்லை, பைக்குள்ளேயே குட்டிகள் செத்தன. 2019-20 கோடையில் வந்த பெருந்தீ கோஸியஸ்கோ பகுதியின் வாழிடத்தை எரித்தது. உணவு இல்லாத இடங்களில் போசத்துக்கென்றே சத்து பிஸ்கட் செய்து போட்டார்கள்.

இணைப்பு என்று நாம் பேசும்போது ரோட்டுக்கு அடியில் 60 மீட்டரைப் பேசுகிறோம், மலைக்கு மலை 60 கிலோமீட்டரைப் பேசுகிறோம். பூமியின் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டு பூச்சி பறந்து வரும் அந்த 1000 கிலோமீட்டரும் இதே பிராணியின் இணைப்புதான். அதில் எந்த இடத்தில் பாறை கொட்டுவது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஊர்விளக்குகள் பூச்சிகளைத் திசைதிருப்புகின்றன என்பதால் வசந்தத்தில் வெளி விளக்குகளை அணைத்துவைக்கச் சொல்லி விக்டோரியாவில் பிரசாரம் செய்கிறார்கள். வறட்சியை அணைக்க ஸ்விட்ச் இல்லை.

ஹிக்கின்பாதம் ரோட்டில் கார்கள் போகின்றன, அடியில் சுரங்கம் இருக்கிறது. புல்லரில் ஹோதம் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் பனிக்கு அடியில் தூங்கி எழுகின்றன. அங்கே மறுபடி எண்ணிக்கை சரிந்தால், சோழிப் பையில் நிறங்கள் குறையத் தொடங்கினால், அவை தாமாக எங்கும் போக முடியாது. ரைட்டின் கணக்கில் இருக்கும் அந்த ஒரு விருந்தாளியை யாராவது ஹோதமில் வால்நட் வைத்துப் பிடித்து, பெட்டியில் வைத்து, பள்ளத்தாக்குகளைச் சுற்றிக்கொண்டு மலையேற்றிக் கூட்டிவர வேண்டும்.